காவலனுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

சர்க்கரை மூட்டைகளுக்கு அடியில் போர் விமானங்கள் கிடந்தன என்றால் நம்பச் சற்றுத் தயக்கமாகவே இருக்கும். ஆயினும் அது நடந்த செய்தி. 2013 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கியூபாவிலிருந்து புறப்பட்டுப் பனாமாக் கால்வாயை நோக்கி வந்த 'சோங் சோன் காங்' என்னும் வட கொரியக் கப்பலை, அதில் போதைப் பொருள் இருக்கக்கூடும் என்னும் ஐயத்தின்பேரில் பனாமா நாட்டு அதிகாரிகள் நிறுத்தினர். கப்பலில் இருந்தவை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை மூட்டைகள். வெயிலில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக அகற்ற அகற்ற, அடியில் பெரும் இரும்புப் பெட்டகங்கள் தென்பட்டன. திறந்து பார்த்தபோது இரண்டு மிக்-21 ரகப் போர் விமானங்களும், ஏவுகணைச் சாதனங்களும் உள்ளே இருந்தன. பழுது பார்த்துத் திருப்பி வாங்கிக்கொள்வதற்காக அனுப்பிய பழைய ஆயுதங்களே அவை என்று கியூபா அரசு விளக்கம் கூறிற்று.

இதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே நமது நாட்டிலும் இதே போன்றதொன்று நிகழ்ந்தது. 1999 ஜூன் மாதத்தில் குஜராத்திலுள்ள காண்ட்லா துறைமுகத்தில் சர்க்கரை இறக்க வந்தது 'கூ வோல் சான்' என்னும் மற்றொரு வட கொரியக் கப்பல். நீரைச் சுத்திகரிக்கும் சாதனங்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்த பெட்டிகளை நமது சுங்க அதிகாரிகள் திறந்தபோது, ஏவுகணை செய்வதற்கான பாகங்களும், இயந்திரங்களும், வரைபடங்களும் வெளிப்பட்டன. சர்க்கரை மூட்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இச்செய்திகளை வாசிக்கும்போது கடத்தியவனின் சாமர்த்தியமே முதலில் நம் கண்ணில் படுகிறது. மூட்டை சுமந்தவனுக்குக் கூலி யார் கொடுத்தது, கப்பல் துறையில் நின்ற நாட்களுக்குச் செலவு யாருடையது, பெட்டிக்குள் இருப்பது இன்ன பொருள் என்று சொல்லத் தெரிந்த நிபுணனைப் பயிற்றுவித்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆயுதப் பரவலைத் தடுக்கும் சர்வதேசச் சட்டங்களின் வாழ்வும் சாவும் இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கின்றன என்பது நமது எண்ணம்.

வட கொரியா தனது முதல் அணுகுண்டுச் சோதனையை 2006 அக்டோபர் 9 அன்று நடத்தியது. ஐந்தே நாட்களில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1718 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, அந்நாட்டோடு ஆயுத வாணிகத்தைத் தடை செய்து, தடைகளைக் கவனிக்க உறுப்பு நாடுகள் கொண்ட ஒரு குழுவையும் அமைத்தது. 2009 இல் இரண்டாம் சோதனை நடந்தபின், வெறும் தூதுவர்கள் கூடிப் பேசும் குழு போதாது என்று கண்டு, 1874 ஆம் தீர்மானத்தின் வழியாக நிபுணர் குழுவொன்று நியமிக்கப்பட்டது. முதலில் எழுவர்; 2013 முதல் எண்மர். அணுவியல், ஏவுகணை, கப்பல் போக்குவரத்து, வங்கித் துறை, சுங்கம் என்று ஆளுக்கொரு துறையில் தேர்ந்தவர்கள். பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவர்கள் இதில் இருந்தனர். ஆகவே அமெரிக்கரும், ரஷ்யரும், சீனரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே அறிக்கைக்குக் கையொப்பமிட வேண்டியிருந்தது.

எட்டுப் பேர்! ஓர் அரசாங்கமே பல்லாண்டு திட்டமிட்டு மறைப்பதை எட்டுப் பேர் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்குத் துப்பாக்கியும் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் இல்லை. கப்பலைப் பிடித்த நாடு அழைத்தால் போய்ப் பார்க்கலாம். அரசுகளுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்கலாம். கண்டதை எழுதிச் சபை முன் வைக்கலாம். பனாமாவுக்கும் போனார்கள். அக்கப்பலை இயக்கிய நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவர்களுடைய செலவு ஐக்கிய நாடுகளின் பொது வரவு செலவுத் திட்டத்திலிருந்து வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்தப் பொதுப் பணப்பையில் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ப ஒரு பங்கு போடுகிறது. அமெரிக்கா நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு. 2022 முதல் 2024 வரையிலான கணக்கில் சீனா ஏறக்குறைய பதினைந்து பங்கு. இந்தியா ஒன்றுக்குச் சற்று மேல். எனவே நாம் கடையில் சோப்பு வாங்கும்போது செலுத்தும் வரியில் கடுகளவேனும் அந்த எண்மரின் விமானச் சீட்டுக்குப் போயிருக்கிறது. நமது பழைய கிராமங்களில் காவல்காரனுக்குக் களத்துமேட்டில் ஊரார் எல்லாரும் நெல் அளந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவரே அளந்திருந்தால், அவன் ஊர்க் காவலனாக அல்ல, அவ்வீட்டுக் காவலனாகவே எண்ணப்பட்டிருப்பான்.

இது வெறும் உவமையன்று. ஈராக் நாட்டில் உலகம் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பின், ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களைத் தேடி அழிக்க 'அன்ஸ்காம்' என்னும் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் ஆய்வாளருள் பெரும்பாலோர் பற்பல அரசுகள் கடனாகத் தந்த அதிகாரிகள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவை அவர்களுடைய சொந்த அரசுகளே. அவர்கள் மெய்யாகவே நல்ல பணி செய்து, ஏராளமான ஆயுதங்களை அழித்தனர். ஆயினும் அக்குழுவின் போர்வையில் அமெரிக்க உளவுத் துறை தன் சொந்த வேலையையும் செய்துகொண்டது என்ற செய்தி 1999 தொடக்கத்தில் வெளிவந்தபோது, எட்டு ஆண்டுகள் உழைத்துத் தேடிய நம்பிக்கை சரிந்து போயிற்று. சம்பளம் வாங்கும் இடத்தில்தான் விசுவாசமும் இருக்கும் என்று ஈராக் சொன்னபோது, மறுத்துப் பேச எவராலும் இயலவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பாதுகாப்புச் சபை பழைய ஆணைக்குழுவைக் கலைத்து, 'அன்மோவிக்' என்னும் புதியதொன்றை ஏற்படுத்தியது. இதன் ஆய்வாளர்கள் ஐக்கிய நாடுகளின் ஊழியர்கள். சம்பளம் ஐக்கிய நாடுகளுடையது. பணம் எங்கிருந்து? ஈராக் எண்ணெய் விற்று உணவு வாங்க அனுமதித்த திட்டத்தின் வருவாயில் நூற்றுக்கு 0.8 பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. சோதிக்கப்படுகிறவனே சோதனைக்குச் செலவு கொடுத்தான் என்று சொல்லலாம். அந்த எண்ணெய்ப் பணம் பசித்த மக்களுடைய பணம் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் தலைவராகிய ஹான்ஸ் பிளிக்ஸ் எந்த அரசின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வல்லரசுகள் எதிர்பார்த்த பதிலைச் சொல்லாமல், தாம் கண்டதை மட்டுமே அவர் சொன்னார். போர் மூண்டதென்னவோ உண்மை. எனினும் பின்னர் ஈராக் முழுவதையும் தேடியும் அந்த ஆயுதக் குவியல்கள் அகப்படவில்லை என்பதை உலகம் அறியும்.

கொரியாவுக்குத் திரும்புவோம். ஆண்டுகள் செல்லச் செல்லத் தடைகள் இறுகின. 2017 ஆம் ஆண்டில் மட்டும் நிலக்கரி, இரும்பு, கடலுணவு, ஆடை ஆகியவற்றின் ஏற்றுமதி ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 2397 ஆம் தீர்மானம், சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. கடத்தலும் அதற்கேற்ப வளர்ந்தது. நடுக்கடலில் இரு கப்பல்கள் இருட்டில் அணைந்து நின்று குழாய் வழியே எண்ணெயை மாற்றிக்கொள்கின்றன. தான் இருக்குமிடத்தைச் சொல்லும் தானியங்கிக் கருவியைக் கப்பல் அணைத்துவிடுகிறது. பெயர் மாறுகிறது, கொடி மாறுகிறது. கப்பல் மட்டுமா? வங்கிகளிலும் மின்னணு நாணயச் சந்தைகளிலும் கன்னமிடும் கலை ஒன்று தோன்றிவிட்டது. 2017 முதல் 2023 வரை நடந்ததாகச் சந்தேகிக்கப்படும் 58 கணினித் திருட்டுகளை ஆராய்ந்து வருவதாகவும், அவற்றில் போனது ஏறக்குறைய 300 கோடி டாலர் என்றும் நிபுணர் குழு தன் கடைசி அறிக்கையில் எழுதியது.

கடலைக் காப்பது எட்டுப் பேரால் ஆகிற காரியமா? ஆகாது. எனவே பல அரசுகள் தம் சொந்தச் செலவில் இதில் இறங்கியிருக்கின்றன. ஜப்பானிலுள்ள யோகோசுகா துறைமுகத்தை மையமாகக் கொண்டு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் தங்கள் கண்காணிப்பை ஒருங்கிணைத்து வருகின்றன. கனடா 2019 முதல் 'நியான்' என்னும் பெயரில் போர்க்கப்பலையும் விமானங்களையும் முறைவைத்து அனுப்புகிறது. அவர்கள் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஐக்கிய நாடுகளுக்கு அறிவிக்கிறார்கள்.

இன்னொரு வகைச் செலவும் உண்டு. பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வராத செலவு. 2003 அக்டோபரில் 'பிபிசி சைனா' என்னும் கப்பல் இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த அதன் பெட்டகங்களில் யுரேனியத்தைச் செறிவூட்டும் பொறியின் பாகங்கள் இருந்தன. அவை செய்யப்பட்டது மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில். சென்றது துபாய் வழியாக. பார்வைக்கு அவை வெறும் உலோக உருளைகள். சுங்கச் சாவடியில் நிற்கும் ஓர் இளைஞன் அவற்றைப் பால் பண்ணைச் சாமான் என்று எண்ணி அனுப்பிவிட்டால் அவன்மீது குற்றம் சொல்ல முடியுமா? இதற்குப் பின் 2004 ஏப்ரலில் வந்த 1540 ஆம் தீர்மானம், இத்தகைய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் எல்லா நாடுகளிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியா 2005 இல் தன் சட்டத்தை இயற்றியது. பேரழிவு ஆயுதங்களுக்குப் பண உதவி செய்வதையும் 2022 இல் தடை செய்தது. ஆனால் சட்டம் எழுதத் தாளும் மையும் போதும். சாவடியில் நிற்கும் இளைஞனுக்குப் பயிற்சியும் கருவியும் தரப் பணம் வேண்டும். ஏழை நாடுகளுக்கு அது ஏது? அமெரிக்க வெளியுறவுத் துறையும் ஐரோப்பிய ஒன்றியமும் இதற்கெனத் தனித் திட்டங்கள் வகுத்து, பிற நாட்டுச் சுங்க அதிகாரிகளுக்குப் பயிற்சியும், ஊடுருவிப் பார்க்கும் கருவிகளும் அளிக்கின்றன. பயனுள்ள பணி என்பதில் நமக்கு ஐயமில்லை. கொடுப்பவர் எதைத் தேடச் சொல்கிறாரோ அதையே முதலில் தேடத் தோன்றும் என்பதையும் மனித இயல்பு அறிந்தவர் மறுக்கமாட்டார்.

2024 மார்ச் 28 அன்று நிபுணர் குழுவின் காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்கும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன. சீனா வாக்களிக்கவில்லை. ரஷ்யா 'வீட்டோ' என்னும் தடுப்பு வாக்கினால் அதை வீழ்த்தியது. தடைகளுக்கே ஒரு முடிவுக் காலம் குறிக்கப்பட வேண்டும் என்பது அதன் வாதம். ஆனால் அந்த மாதங்களில் குழு எதை ஆராய்ந்துகொண்டிருந்தது? வட கொரியா ரஷ்யாவுக்கே ஆயுதம் விற்றதா என்பதை! 2024 ஜனவரி 2 அன்று உக்ரேனின் கார்கிவ் நகரில் விழுந்த ஏவுகணையின் சிதைவுகளை நேரில் சென்று பார்த்த நிபுணர் மூவர், அது வட கொரியாவின் ஏவுகணையே என்று ஏப்ரல் இறுதியில் அறிவித்தனர். ஏப்ரல் 30 அன்று குழு கலைந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. தடைகள் நீங்கவில்லை. 1718 முதல் 2397 வரையான தீர்மானங்கள் எல்லாம் இன்றும் சட்டமாகவே நிற்கின்றன. வேலி இருக்கிறது, காவலன்தான் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப 2024 அக்டோபரில் பதினொரு நாடுகள் கூடிப் 'பலதரப்புத் தடைக் கண்காணிப்புக் குழு' என ஒன்றை அமைத்தன. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகியவை அவை. வட கொரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான இராணுவ உறவு பற்றி 2025 மே மாதத்தில் முதல் அறிக்கையும், கணினித் திருட்டுகள் பற்றி அக்டோபரில் இரண்டாம் அறிக்கையும் வந்தன. வேலை நடக்கிறது, சொல்லப்போனால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரஷ்யரிடமும் சீனரிடமும் பேரம் பேச வேண்டாத காரணத்தால் முன்னிலும் விரைவாகவே நடக்கிறது. பழைய குழுவில் அறிக்கை வெளிவருவதற்குள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் இந்தப் பதினொரு நாடுகளும் ஒரே அணியைச் சேர்ந்தவை. ஆசியாவின் ஏழை நாடுகளோ, ஆப்பிரிக்காவோ, தென் அமெரிக்காவோ இதில் இல்லை. அறிக்கையிலுள்ளது முழுவதும் மெய்யாகவே இருக்கலாம். எனினும் பனாமாவைப் போன்றதொரு சிறு நாடு, நாளை ஒரு கப்பலை நிறுத்த வேண்டுமானால், இது உலகத்தின் கட்டளை என்று சொல்லி நிறுத்துமா, பதினொரு நாடுகளின் வேண்டுகோள் என்று சொல்லித் தயங்குமா? அன்ஸ்காம் கதையை அறிந்த நமக்கு இக்கேள்வி சிறியதாகத் தோன்றவில்லை.

வாசகரில் சிலர் இடைமறித்து, அணுகுண்டுகளைத் தம் வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு அண்டை வீட்டானைச் சோதிக்க இவர்கள் யார் என்று வினவலாம். நியாயமான வினா. பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர் ஐவரிடமும் அவ்வாயுதம் உண்டு. 1974 இலும் 1998 இலும் சோதனை நடத்திய நமது நாட்டிடமும் உண்டு. திருச்சபை இதில் வல்லார்க்கு ஒரு நீதி, எளியார்க்கு ஒரு நீதி என்று பேசுவதில்லை. வத்திக்கான் 1971 இலேயே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அணு ஆயுதங்களை முற்றிலும் தடை செய்யும் புதிய உடன்படிக்கையை 2017 இல் முதன்முதலில் ஏற்ற நாடுகளுள் அதுவும் ஒன்று. அவற்றைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதே அறநெறிக்கு மாறானது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்று கூறினார்.

தடைகளைப் பற்றியும் திருச்சபை தெளிவாகவே பேசியிருக்கிறது. 2004 இல் வெளிவந்த சமூகப் போதனைத் தொகுப்பு நூல், தடைகளின் நோக்கம் ஓர் அரசின் நடத்தையைத் திருத்துவதே என்றும், ஒரு மக்களினம் முழுவதையும் தண்டிக்கும் கருவியாக அவை ஒருபோதும் ஆகலாகாது என்றும் போதிக்கிறது. 1998 ஜனவரியில் கியூபா சென்ற திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அந்நாட்டின் மீதான பொருளாதார முற்றுகையை அங்கேயே கண்டித்தார். அதே ஆண்டில், ஈராக்கில் ஐக்கிய நாடுகளின் மனிதாபிமானப் பணிக்குப் பொறுப்பாயிருந்த டெனிஸ் ஹாலிடே, தடைகள் மக்களைச் சிதைப்பதைத் தாளமாட்டாமல் பதவி துறந்தார்.

வட கொரியாவில் தடைகளின் நிழலில் வாழ்வோர் நமக்கு அயலாரல்லர். பியோங்யாங் ஆயர் பிரான்சிஸ் ஹாங் யோங்-ஹோ 1949 இல் சிறைப்பட்டார். அதன்பின் அவரை வெளியுலகம் கண்டதில்லை. அவர் 'காணாமற்போனவர்' என்ற குறிப்போடு 2013 வரை வத்திக்கான் ஆண்டேட்டில் அவர் பெயர் அந்த மறைமாவட்டத்துக்கு நேரே அச்சிடப்பட்டு வந்தது. அந்நகரில் 1988 இல் கட்டப்பட்ட சாங்சுங் ஆலயம் இருக்கிறது. அங்கே தங்கிப் பணிபுரியும் குரு இல்லை. சாதாரண மருந்துகளுக்கு அடங்காத காசநோயால் வருந்துவோர்க்காக யூஜின் பெல் அறநிலையத்தார் மருந்து கொண்டுபோய் வந்தனர். 2020 இல் பெருந்தொற்றுக்காக எல்லை அடைக்கப்படும் வரை நடந்த அப்பயணங்களில் மேரிநோல் சபைக் குருக்களும் பங்கு பெற்றார்கள்.

2397 ஆம் தீர்மானம் உலோகப் பொருட்கள், இயந்திரங்கள், மின்சாதனங்கள் என்று இனம் இனமாகத் தடுத்தபோது, மருத்துவமனைக்குரிய கருவிகளும் அவ்வலைக்குள் அகப்பட்டுக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் நியூயார்க்கிலுள்ள தடைக் குழுவிடம் விலக்கு வாங்க வேண்டும். வங்கிகளோ, சட்டம் அனுமதித்த பணத்தையும் அனுப்ப அஞ்சின. இவ்விடர்களை ஆண்டுதோறும் தன் அறிக்கையில் எடுத்தெழுதி வந்ததும் அந்த நிபுணர் குழுவேதான். கடத்தல் கப்பலின் பெயரை எழுதிய அதே கை, மருந்து தாமதமான கதையையும் எழுதியது. ரஷ்யாவின் தடுப்பு வாக்கினால் நின்றுபோனது இந்த எழுத்தும் சேர்த்துத்தான்; இதைச் செய்திகளில் எவரும் பெரிதாகச் சொல்லவில்லை. பதினொரு நாடுகளின் முதல் இரண்டு அறிக்கைகளுக்கும் ஆயுதமும் திருட்டுமே பொருளாயின.

1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஏழைகளுக்கென உலக நிதியொன்று அமைக்க வேண்டும் என்று எல்லா அரசுகளையும் வேண்டினார். 1967 இல் 'மக்களின் முன்னேற்றம்' என்னும் திருமடலிலும் அதை நினைவூட்டினார். அந்நிதி எழவில்லை. கண்காணிப்புக்கென இன்று அரசுகள் ஒதுக்கும் பணம் ஒரு போர்க்கப்பலின் விலைக்கு முன் அற்பம். அதிலும் ஒரு பகுதி மருந்துப் பெட்டிக்கு வழிவிடுவதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தியா பதினொரு நாடுகளின் குழுவில் இல்லை. ஆனால் பொதுப் பணப்பையில் பங்கு போடும் நாடு. பழைய குழுவைப் போன்றதொரு பொதுக் காவலை ஐக்கிய நாடுகளிலேயே மீண்டும் அமைக்கக் குரல் கொடுப்பதற்கு இரு அணியையும் சேராத நாடுகளுக்கே தகுதி அதிகம்.

தடைக் குழு இன்னும் கலையவில்லை. நிபுணர்கள் இல்லாத அந்தக் குழுவுக்கே, ஊசி மருந்துக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் விலக்குக் கேட்கும் விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.